உஷார்! ஓய்வுநாளைக் காட்டிப் பயமுறுத்த வருகிறார்கள்

அடுத்த முறை யாராவது உங்கள் வாசலில் வந்து நின்று, "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதே மிருகத்தின் முத்திரை, சனிக்கிழமையை ஆசரிக்காதவனுக்கு மோட்சமில்லை" என்று சொன்னால், கலங்கிப்போய் அவர் பின்னால் கிளம்பிவிடாதீர்கள். "போன ஞாயிறு ஆராதனைக்கு வராமல் வயலுக்குப் போனாயே, அதனால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று உங்கள் சொந்தச் சபைப் போதகரே சொன்னாலும் தலையாட்டாதீர்கள். இரண்டும் ஒரே சரக்கு. கிழமைதான் வேறு.

காளையார்கோவில் சுற்றுவட்டாரத்துக்கு இந்த எச்சரிக்கை ரொம்பவே தேவை. இந்த மறவர் சீமையில் கிறிஸ்தவம் நேற்று முளைத்ததல்ல. அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தது 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி. இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயம் 1894-ல் எழுந்தது. மதுரையிலிருந்து பிரிந்து சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல் தனியானது. இன்றைக்கு ஒரே தெருவில் பூசைக்குப் போகிறவர், சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர், தகரக் கொட்டகை ஜெபவீட்டுக்குப் போகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே மாமியார் ஜெபமாலை உருட்டுவார், மருமகள் அந்நிய பாஷையில் ஜெபிப்பாள். அதுவரை பிரச்சினை இல்லை. "எந்தக் கிழமை உண்மையான ஓய்வுநாள்?" என்ற கேள்வி கைபேசி வழியாக அடுப்படிக்குள் நுழைந்தால்தான் அந்த வீடு இரண்டாகும்.

பயமுறுத்தல் எப்படிக் கட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் இருக்கிறது, அது ஏழாம் நாள், ஏழாம் நாள் சனி. இவ்வளவும் சரி. அதன்பின், தானியேல் புத்தகத்தில் காலங்களை மாற்ற நினைக்கும் ஒருவனைப் பற்றிய வசனத்தை எடுத்து, ரோம மன்னன் கான்ஸ்டன்டைனும் போப்பாண்டவரும் சேர்ந்து சனியை ஞாயிறாக மாற்றிவிட்டார்கள் என்பார்கள். கடைசியில் வெளிப்படுத்தல் 13-ஆம் அதிகாரத்து மிருகம் வரும். கேட்கிறவருக்குக் கை கால் உதறும்.

கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது உண்மை. 321 மார்ச் 7. நீதிமன்றங்களும் நகரத்து மக்களும் தொழில்காரர்களும் ஞாயிறன்று ஓய்வெடுக்கட்டும் என்றான். ஆனால் அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், தங்கள் கூட்டத்தார் ஞாயிறன்று கூடி வாசகம் கேட்டு அப்பம் பகிர்வதை விவரித்து எழுதிவிட்டார். அப்போஸ்தலர் பணிகள் 20-ஆம் அதிகாரத்திலேயே வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடுகிறார்கள். ஆகவே மன்னன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்த வழக்கத்துக்கு அரசு முத்திரை குத்தினான்.

பயமுறுத்துகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விவசாயிகளுக்கு விலக்கு. விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் ஏற்ற நாள் தவறிப்போனால் திரும்ப வராது, ஆகவே கிராமத்தான் ஞாயிறன்றும் உழலாம் என்று எழுதி வைத்தான். வானம் பார்த்த பூமியில், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற நமக்கு இது உடனே விளங்கும். தை அறுவடைக்கு வாடகை இயந்திரம் நம் வயலுக்கு வருகிற முறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால், இயந்திரக்காரர் நம் ஞானோபதேசத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்வெடுக்கக் கூடாது, வேலைதான் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. ஞாயிறன்று ஓய்வெடுக்கலாம், அதுவும் முடிந்தால். ஓய்வெடுப்பதையே குற்றமாக்கிய சபைச் சட்டமும் நம் வரலாற்றில் உண்டு. சட்டவெறி சனிக்கிழமைக்காரர்களின் தனிச் சொத்து அல்ல.

சனிக்கிழமையை ஆசரிப்பவர்கள் எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. 1863-ல் அமெரிக்காவில் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் மனச்சாட்சிப்படி சனியைக் கைக்கொள்கிறார்கள். அவர்களுடைய அதிகாரபூர்வப் போதனைகூட, இன்று ஞாயிறு ஆராதிக்கிறவன் மிருகத்தின் முத்திரையை வாங்கிவிட்டான் என்று சொல்வதில்லை. அவர்கள் சபையே சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லிக்கொண்டு வருகிறவரிடம்தான் உஷாராக இருக்கச் சொல்கிறேன்.

யூதர்களையும் கேலி செய்ய வேண்டாம். ஓய்வுநாளில் விலக்க வேண்டிய வேலைகள் 39 என்று அவர்களுடைய மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு வகுத்திருப்பதைச் சொல்லி நம் பிரசங்கிகள் சிரிக்க வைப்பார்கள். உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம் என்று தெளிவாக வகுத்ததும் அதே ரபிமார்தான். மக்கபேயர் முதல் நூலில், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்த ஆயிரம் பேர் கொல்லப்பட்டபின், மத்தத்தியாவும் அவர் கூட்டத்தாரும் உட்கார்ந்து யோசித்து, இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் திருப்பித் தாக்குவோம் என்று முடிவெடுக்கிறார்கள். பக்தியுள்ளவர்கள் எடுத்த முடிவு அது.

இயேசுவும் ஓய்வுநாளை ஒழிக்க வந்தவரல்ல. வழக்கப்படி ஜெபக்கூடத்துக்குப் போனவர்தான். ஆனால் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 18 வருஷமாகக் கூனிப்போன ஒரு பெண்ணை அவர் நிமிர்த்துகிறார். ஜெபக்கூடத் தலைவருக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணமாகிக்கொள்ளக் கூடாதா என்கிறார். அதையும் இயேசுவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். இயேசு மாட்டைப் பற்றிப் பேசுகிறார். ஓய்வுநாளிலும் தொழுவத்து மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, 18 வருஷம் கட்டுண்டு கிடந்தவளை அவிழ்க்கக் கூடாதா என்று கேட்கிறார். மாடு வைத்திருப்பவர்கள் நிறைந்த நம் ஊரில் இதற்கு உரை தேவையில்லை.

அந்த மாடு மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாளுக்குக் காரணம், கடவுள் படைப்பு முடித்து ஓய்ந்தது. உபாகமம் 5-ல் அதே கட்டளைக்குக் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாய்க் கிடந்தாய், உன்னை நான் வெளியே கொண்டுவந்தேன், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும் என்பது அதன் சாரம். மாடு, கழுதை, வாசலில் தங்கிய அந்நியன் வரை பட்டியல் நீள்கிறது. பத்துக் கட்டளைகளில் கழுதைக்கும் லீவு கேட்கிற கட்டளை இது ஒன்றுதான். (கத்தோலிக்கருக்கு இது மூன்றாம் கட்டளை, சி.எஸ்.ஐ.காரருக்கு நான்காவது. வரிசை எண்ணிலேயே ஒத்துப்போகாத நாம் கிழமைக்காக அடித்துக்கொள்வது வேடிக்கைதான்.)

அடிமைக்கு விடுதலையாகக் கொடுத்த நாளை எடுத்து, எவன் மீறினான் என்று பிடிக்கும் கண்ணியாக வைத்தால், அது ஓய்வுநாள் அல்ல. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக நினைக்கிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக நினைக்கிறான், அவனவன் தன் மனதில் உறுதியாயிருக்கட்டும் என்ற பொருளில் பவுல் ரோமர் 14-ல் எழுதினார். கொலோசெயர் 2-ல் இன்னும் நேராக, ஓய்வுநாளைக் குறித்து உங்களை எவனும் குற்றவாளியாக்க விடாதிருங்கள் என்ற கருத்தைச் சொல்கிறார். இந்த இரண்டு இடத்தையும் வாசலுக்கு வருகிறவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தைத் தள்ளிவிட்டு வேறு வசனத்துக்குத் தாவினால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இது பழைய சண்டை. நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரம். அங்கே 1857-ல் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனெரிகளை உதறிவிட்டு இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்றும் பெயர். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராக இருந்தவர், மிஷனெரியோடு மோதி வேலையை இழந்தவர். 1849-ல் மிஷனெரி கால்டுவெல் அருமைநாயகத்தின் சமூகத்தைத் தாழ்த்தி எழுதிய புத்தகம் அந்தக் கோபத்தில் எண்ணெய் வார்த்தது. ஐரோப்பியரின் பணமும் வேண்டாம், பாதிரியும் வேண்டாம், அவர்களுடைய ஞாயிறும் வேண்டாம் என்று முடிவு செய்து, நேரே பழைய ஏற்பாட்டுக்குப் போனார். சனிக்கிழமை ஓய்வுநாள் ஆனது. யூதப் பண்டிகைகளும் சாம்பிராணியும் வழிபாட்டுக்குள் வந்தன. பிற்பாடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அட்வென்டிஸ்ட் மிஷனெரிகள் தென்தமிழகத்தில் கால் ஊன்றியது இந்தச் சனிக்கிழமைக்காரர்கள் மத்தியில்தான். பிரகாசபுரத்தில் அவர்கள் பள்ளி இன்றும் நடக்கிறது.

சட்டாம்பிள்ளையை நான் மதிக்கிறேன். எவன் முன்னாலும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று சொல்ல அவர் எடுத்த கொடி அந்தச் சனிக்கிழமை. அவருக்கு அது விடுதலை. ஆனால் தன்மானத்துக்காக ஒருவர் தேர்ந்த நாளையே, அந்தக் கோபமும் தெரியாத, அந்த அவமானமும் படாத ஒரு குடும்பத்தின் தலையில் "இதைச் செய், இல்லையேல் நரகம்" என்று கட்டினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு மாறிவிடுகிறது. யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கிழமையை அரசாங்கமே பிடுங்கிக்கொண்ட காலமும் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1966-ல் இலங்கை அரசு ஞாயிறு விடுமுறையை ஒழித்து, நிலாவின் கணக்குப்படி வரும் போயா நாட்களை வார விடுமுறை ஆக்கியது. ஞாயிறு வேலை நாளானது. 1971 வரை அப்படியே நடந்தது. அங்கிருந்த கிறிஸ்தவர்கள், தமிழரும் சிங்களவரும், விடியற்காலைப் பூசையும் மாலைப் பூசையும் கண்டு வேலைக்குப் போய் வந்தார்கள். விசுவாசம் அழியவில்லை. வளைகுடாவுக்குப் போன நம் சிவகங்கைச் சீமைப் பிள்ளைகளைக் கேளுங்கள். வெள்ளிதான் விடுமுறை என்பதால் அங்குள்ள கோயில்கள் வெள்ளிக்கிழமையே நிரம்பி வழிந்தன. ஐக்கிய அரபு அமீரகம் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியதே 2022 ஜனவரியில்தான். அதுவரை வெள்ளிக்கிழமை கும்பிட்டவன் எல்லாம் மிருகத்தின் ஆளா?

கிழமையில் பிடிவாதமாக நின்றவர் என்று உலகம் கொண்டாடுகிற ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்தார். பிறகு 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். இவ்வளவையும் எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்வார்கள். மீதியைச் சொல்வது அபூர்வம். சீனாவில் மிஷனெரியாக இருந்தவரை ஜப்பானியர் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். ஞாயிறன்று விளையாட்டு நடத்த முதலில் அங்கேயும் அவர் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்தில் நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிறை, அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தும் போனார். விதியைக் கைக்கொள்ளவும் தெரிந்து, அது யாருக்காக என்றும் தெரிந்தவர். நம் பிரசங்க மேடைகளுக்கு இந்தப் பின்பாதிதான் வேண்டும்.

விதிக்குப் பயந்து தயங்கி நிற்கிறவனுக்குக் கடவுளே வழிவிடுவதற்கு நம் காளையார்கோவில் தலபுராணத்திலேயே ஒரு சாயல் இருக்கிறது. வழியெல்லாம் லிங்கமாகத் தெரிய, எங்கே கால் வைப்பது என்று சுந்தரர் தயங்கி நின்றாராம். இறைவனே காளையாக வந்து, கால் வைக்கிற தடத்தைக் காட்டினாராம். நான் கிறிஸ்தவன், ஆனால் இந்தக் கதையைக் கேட்டு வளராமல் இந்த ஊரில் எவனும் வளர முடியாது.

இனி நம் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். சில சபைகளில் புதன் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி முழு இரவு ஜெபம், ஞாயிறு காலை தொடங்கி மதியம் ஒன்றரை வரை ஆராதனை, பிறகு வாலிபர் கூட்டம். இதில் எங்கே இளைப்பாறுதல்? வராதவன் பெயர் குறிக்கப்படுகிறது. சாட்சி சொல்கிற நேரத்தில் மறைமுகமாக அடி விழுகிறது. நீட் தேர்வு வழக்கமாக ஞாயிறன்றுதான் நடக்கிறது. "தேர்வு பெரிதா, தேவன் பெரிதா" என்று ஒரு பிள்ளையின் படிப்பை எவராவது பந்தயமாக்கினால், அவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கத்தோலிக்கர் தரப்பிலும் பயம் உண்டு. வேண்டுமென்றே ஞாயிறு பூசையை விடுவது கனமான பாவம் என்று திருச்சபை போதிப்பது உண்மை. அதே மறைக்கல்வி நூல், நோய்க்கும் கைக்குழந்தைப் பராமரிப்புக்கும் விலக்கு தருகிறது. குடும்பத் தேவைக்காகவும் சமூகப் பணிக்காகவும் ஞாயிறு ஓய்விலிருந்து நியாயமாக விலகலாம் என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் பிரிவு, வழிபாட்டையும் அந்த நாளின் மகிழ்ச்சியையும் உடல் மன ஓய்வையும் கெடுக்கிற வேலையைத்தான் விலக்கச் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் ஞாயிறு பணி பார்க்கிற நர்ஸும் தொண்டி பஸ் ஓட்டுகிறவரும் நடுங்கிக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓட வேண்டியதில்லை. பங்குச் சாமியாரிடம் கேளுங்கள், அவரே சொல்வார்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஓய்வே வேண்டாம், ஏழு நாளும் கடை திறக்கலாம்" என்று எந்த முதலாளியும் கிளம்ப வேண்டாம். அது மறுபக்கத்துப் பள்ளம். இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு சும்மா கிடைக்கவில்லை. ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல வருஷம் போராடி, 1890 ஜூனில்தான் வாங்கினார். அவர் ஞாயிறைக் கேட்டதற்குச் சொன்ன காரணம் அது கண்டோபா தெய்வத்தின் நாள் என்பது. ஆகவே கிறிஸ்தவர்களாகிய நாம்தான் உலகத்துக்கு ஞாயிறு கொடுத்தோம் என்று மார்தட்ட வழியில்லை. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், ஞாயிறன்று வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்திய பேச்சைக் கேட்டு நாடே கொதித்தது. லோகண்டே வாங்கியதை இழக்க அதிக நாள் ஆகாது.

காரைக்குடியிலும் சிவகங்கையிலும் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் சட்டம் 1947-லேயே வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுமுறை தந்துவிட்டது. உட்கார நாற்காலி தரவேண்டும் என்ற திருத்தத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து காணிக்கை போடுகிற கடைக்காரர், தன் கடையில் அந்த நேரம் யார் நின்றுகொண்டிருக்கிறார் என்று யோசித்தால், உபாகமம் 5 அவருக்கு உறைக்கும். கிழமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பிரசங்கங்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. எனக்கு இதுதான் ஆத்திரம்.

வீட்டையும் விடக்கூடாது. உபாகமத்துப் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாம் உண்டு, மனைவி இல்லை. "நீ" என்பதில் அவளும் அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த உரை இன்னும் அமலுக்கு வரவில்லை. பூசை முடிந்து ஆம்பளைகள் திண்ணையில் பேப்பர் விரிப்பார்கள். அவள் கறி அலசி, மசாலா அரைத்து, சோறு வடித்து, பாத்திரம் துலக்கி முடிக்கும்போது பொழுது சாயும். வாரத்திலேயே அவளுக்கு அதிக வேலை ஓய்வுநாளில்தான்.

ஆகவே, துண்டுப்பிரசுரத்தோடு யாராவது வந்தால் விரட்ட வேண்டாம். உட்காரச் சொல்லி மோர் கொடுங்கள். ரோமர் 14-ஐயும் கொலோசெயர் 2-ஐயும் சேர்ந்து வாசியுங்கள். அவருடைய சனிக்கிழமையை மதியுங்கள், உங்கள் ஞாயிறை அவர் மதிக்கிறாரா என்று பாருங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்து, பிள்ளையின் தேர்வை நிறுத்து, குடும்பத்தை விட்டு வா, தசமபாகத்தை இனி எனக்குக் கொடு என்று பேச்சு திரும்பினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களையும் வயதானவர்களையும் அந்த ஆளோடு தனியே பேச விடாதீர்கள். பங்குச் சாமியாரிடமோ சபைப் போதகரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். வருகிற ஞாயிறு மதியச் சமையலை வீட்டு ஆண்கள் செய்யுங்கள்.